தாமரைக் கதவில் விழுந்த விரிசல்

அலமாரியின் இடது கதவில், தாமரைக்கு நடுவே, மேலிருந்து கீழாக விரல் நுழையும் விரிசல். பழைய அரண்மனைக் கதவு மாதிரி வேண்டும் என்று வக்கீல் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நாற்பது நாள் உட்கார்ந்து அந்தத் தாமரையைச் செதுக்கியவள் அவள். தச்சுப் பட்டறை அவள் அண்ணன் பெயரில் இருந்தது. அவளுக்கென்று இருந்தது, "அந்தப் பொண்ணுக்கு நல்ல கை" என்று நாலு பேர் சொல்லும் பேச்சு ஒன்றுதான்.

வக்கீல் வீட்டு வரவேற்பறையில் குனிந்து பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. செதுக்கிய பலகையைக் கதவுச் சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் பசை போடாமல்தான் நிறுத்துவார்கள். மரம் வெயிலில் சுருங்கும், மழையில் விரியும். அதற்கு இடம் விட வேண்டும். இந்தப் பலகையின் ஓரத்தில் பசை கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. இடையில் ஒருமுறை கதவு லொடலொடக்கிறது என்று வக்கீல் குறைப்பட்டபோது அண்ணன் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"என்னப்பா, மரம் வாயைப் பொளக்குது?" என்றார் வக்கீல்.

அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தங்கச்சி கொஞ்சம் ஆழமா செதுக்கிட்டா சார். பலகை மெலிஞ்சுபோச்சு. மாத்திக் கொடுத்துடறோம்."

"பரவாயில்லையே. கோர்ட்ல இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க." சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பார்த்துச் செய்ம்மா. அண்ணன் பேரைக் கெடுத்துடாதே."

அந்த ஓரத்தைச் சுட்டிக் காட்ட ஒரு விரல் போதும். அவள் நீட்டவில்லை. அடுத்தவர் வீட்டில் வைத்து அவனைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. வெளியே போனதும் அவனே ஒரு வார்த்தை சொல்வான் என்று நம்பினாள்.

கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிப் பாதி வழி வந்த பிறகு அவளே கேட்டாள்.

"ஏண்ணா அப்படிச் சொன்னே?"

"வேற யார் மேல போடறது? நீ நம்ம ஆளு. கோச்சுக்க மாட்டே."

"பசை போட்டது நீ."

"ரெண்டு சொட்டுக்கு வெடிக்குமா? நிஜமாவே ஆழம்தான் பாப்பா. நான் அப்பவே நினைச்சேன்."

அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்தது. இப்போது சிவக்கவில்லை. சமாளிக்கச் சொன்னதை அரை மணி நேரத்துக்குள் அவனே நம்பிவிட்டிருந்தான். மறுத்துப் பேசாமல் நின்றவள் நான்தானே என்று நினைத்தபோது, அவன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

மறுவாரம் புதுப் பலகையில் உளியை வைத்தாள். முதல் இதழ் முடிந்ததும் அளந்து பார்த்தாள். வழக்கமான ஆழத்தில் பாதிதான் இறங்கியிருந்தது. நினைத்துச் செய்யவில்லை, கை தானாகவே நின்றிருக்கிறது.

அண்ணன் வந்து இதழைத் தடவிப் பார்த்தான்.

"இப்பதான் சரியா இருக்கு," என்றான்.