பொத்தான் டப்பாவில் இருந்த குரல்

மஞ்சள் சட்டைக்காரியின் குரல், அவள் ஊருக்கு வந்து ஐந்து மாதம் கழித்து, மதியப் பேருந்தில் தனியாக வந்து இறங்கியது. ஒரு மருந்துக் குப்பிக்குள் அடைபட்டு, பின்சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டே வந்திருந்தது. நடத்துனர் அதை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பெண்பிள்ளைக் குரல்தான் என்று தெரிந்ததும், மறந்துபோன குடைகளோடும் சாப்பாட்டுப் பைகளோடும் சேர்த்துப் பார்சல் அறையில் ஒப்படைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்கள் சண்டையில் காலியான நாளிலிருந்து, பிள்ளைகள் ஒரு பேருந்திலும் அவர்களுடைய குரல்கள் வேறொரு பேருந்திலும் வருவது வழக்கமாகியிருந்தது. பயந்து ஓடுகிற பிள்ளை முதலில் தவறவிடுவது குரலைத்தான்; செருப்பெல்லாம் அதற்குப் பிறகு. தவறிய குரல் பக்கத்தில் திறந்து கிடக்கிற எதற்குள்ளாவது புகுந்துகொள்ளும். தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, ஒருமுறை லாரி டியூப். பிறகு கை மாறி, வண்டி மாறி, தன் பிள்ளை போன திசையிலேயே நகர்ந்து நகர்ந்து வந்து சேரும். பார்சல் அறையில் முதல் மூன்று நாளைக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் குடைக்கு என்ன கட்டணமோ, அதுவேதான் குரலுக்கும்.

குரலைத் திருப்பிக் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. மூடியைத் திறந்து பிள்ளையின் வாயருகே பிடித்தால் போதும், ஒரு மிடறு தண்ணீர் போல உள்ளே இறங்கிவிடும். பிள்ளை கொஞ்சம் இருமும், பிறகு பேசத் தொடங்கும். ஆனால் வழியில் இருக்கிற குரலுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் தெரியும். தவறிய நொடியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். இன்னொன்றும் உண்டு. குரல் ஈரத் துணி மாதிரி. எதன் பக்கத்தில் கிடக்கிறதோ அதன் சாயத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பார்சல்காரர் குரல்களை ரேடியோவுக்கு எட்டாத அலமாரியில் வைத்திருந்தார். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் குரல் வானிலை அறிக்கை வாசிக்கிற தொனியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் இன்றுவரை பசிக்கிறது என்பதைக்கூட எச்சரிக்கை போலத்தான் சொல்கிறான்.

மஞ்சள் சட்டைக்காரியைக் கண்டுபிடித்தது தையல்காரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். நர்ஸ், டாக்ஸிக்காரர், பேக்கரிக்காரர், தையல்காரி என்று முறை போட்டு நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளையும் கூட வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடிழந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்து விற்றுவிடுகிற ஆட்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வை இருந்தது. டாக்ஸிக்காரர் செருப்பைப் பார்ப்பார். அவசரத்தில் வாங்கிய செருப்பு அளவு சேராது. தையல்காரி சட்டையைப் பார்ப்பாள். வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளையின் சட்டையில், பிள்ளை வளர வளரக் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிய பழைய கோடு தெரியும். விற்கக் கொண்டுபோகிற பிள்ளையின் சட்டையில் கடையில் மடித்து வைத்த மடிப்புத்தான் இருக்கும். இந்தப் பிள்ளையின் மஞ்சள் சட்டைக் காலரில் கடைக்காரன் குத்திய குண்டூசிகூட எடுக்கப்படவில்லை. மாமா என்று சொல்லிக்கொண்டு கூட நின்றவனிடம் தையல்காரி, "உங்க பொண்ணுக்குக் கழுத்துல ஊசி குத்தலையாண்ணே?" என்று கேட்டாள். அவன், பிள்ளை பிறவி ஊமை என்று பதில் சொன்னான். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லாததால் டாக்ஸிக்காரர் தன் வண்டியை அவன் வழியில் குறுக்கே நிறுத்திவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

பெற்றவர்கள் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை தையல்காரியின் வீட்டில் இருக்கலாம் என்று கோர்ட்டில் அனுமதி வாங்கினார்கள். தையல்காரி தனிக்கட்டை. வாயோரத்தில் எப்போதும் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவள் என்பதால் பாதி வாயால்தான் பேசுவாள். சொற்கள் ஒரு பக்கமாகச் சரிந்து வரும். மஞ்சள் சட்டைக்காரி அவளுடைய ஆடை நுனியைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தாள், தையல் இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கினாள், தூங்கும்போது ஒரு காலைத் தூக்கி அவள்மேல் போட்டுக்கொண்டாள். தையல்காரிக்கு அதுவரை அப்படி ஒரு கனம் மேலே விழுந்ததில்லை. காலை நகர்த்தாமல் விடியும்வரை ஒருபக்கமாகவே படுத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நர்ஸின் வீட்டுப் பையனுக்குக் குரல் வந்து சேரும்வரை. அந்தக் குரல் வழியெல்லாம் "அம்மா" என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே இறங்கியதும் பையன் நர்ஸைப் பார்த்து இன்னொரு தடவை அம்மா என்றுவிட்டான். நர்ஸ் அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். "சும்மா சொல்லக் கூடாது டெய்லரக்கா, வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு. உங்க மஞ்சச்சட்டைக்கும் வரும், பொறுங்க. வந்தா உங்களை என்னன்னு கூப்பிடுறாளோ." தையல்காரி சிரித்துக்கொண்டே, "டெய்லருன்னு கூப்பிடுவா, வேறென்ன," என்றாள். அன்று அவள் ஒரு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள். அதன் பிறகு நர்ஸின் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. உள்ளேயிருந்து அம்மா என்று கேட்டால் வயிறு எரியும். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நின்று கேட்கத் தோன்றும்.

ஆகவே பார்சல்காரர் சொல்லியனுப்பியபோது அவள் ஊசிகளைக்கூடத் துப்பாமல் ஓடினாள். பார்சல்காரர் குப்பியை நீட்டிவிட்டு, "இன்னைக்கே குடுத்துடுங்கம்மா. வச்சிருந்தா பக்கத்துல பேசுறவங்களைப் பிடிச்சுக்கும், தெரியும்ல," என்றார். "வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்," என்றாள் தையல்காரி. பாதித் தெருவில் நின்று குப்பியைக் காதில் வைத்தாள். அம்மா என்று சொல்லவில்லை. "எலி, இங்க வாடி. என் கையைப் பிடிச்சுக்கோ, விடாத," என்றது குரல். மெல்லிய குரல், ஓரம் அடிக்காத புதுத் துணி மாதிரி. ஆனால் அந்த "வாடி"யில் இருந்த பிரியம் தையல்காரியின் நெஞ்சில் நேராகப் போய்க் குத்தியது. யாரோ ஒரு எலி. இந்தப் பிள்ளை தன்னிடம் இருந்த அத்தனை பாசத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இங்கே வந்திருக்கிறது. குரல் வந்துவிட்டால் எலியைப் பற்றிப் பேசுவாள், பெற்றவளைப் பற்றிப் பேசுவாள், வீட்டைப் பற்றிப் பேசுவாள். பேசப் பேச ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். தையல்காரி வீட்டுக்குப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த பொத்தான் டப்பாவைத் திறந்து, குப்பியை அடியில் வைத்து, பொத்தான்களை மேலே கொட்டி மூடினாள்.

பார்சல்காரர் கேட்டபோது, குப்பி வரும் வழியில் விரிசல் விட்டிருந்தது, குரல் கசிந்துபோய்விட்டது என்றாள். அப்படியும் நடப்பதுண்டு. யாரும் சந்தேகப்படவில்லை.

எலி யார் என்பது ஒரு வாரத்துக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. மஞ்சள் சட்டைக்காரி எழுத்துத் தெரியாத பிள்ளை. பெரியவர்கள் என்ன கேட்டாலும் உள்ளங்கையைத் தன் இடுப்பளவுக்கு இறக்கிக் காட்டுவாள். நர்ஸ் அதைச் சின்ன வயதில் நடந்ததைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் அவள் ஏதோ முக்காலி கேட்கிறாள் என்று நினைத்து அதே உயரத்தில் ஒன்று செய்து கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை முக்காலியைப் பார்த்துவிட்டு அழுதாள். தையல்காரிக்கு இடுப்பளவு என்பது தங்கை என்று புரிந்தது. தங்கை வேறெங்கோ இன்னும் அந்த ஆட்களிடம் இருக்கிறாள் என்றும் புரிந்தது. பிள்ளை வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் பிடித்தவனை விட வேண்டியிருக்கும் என்று போலீஸ் சொன்னதை டாக்ஸிக்காரர் வந்து சொல்லிவிட்டும் போனார். எல்லாம் தெரிந்தும் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். நாளைக்கு என்பது அவளிடம் தீராமல் இருந்தது.

அதற்குப் பதிலாக டப்பாவோடு சண்டை போட்டாள். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடப் போகிற நேரமெல்லாம் மூடியைத் திறந்து, ஊசி கவ்விய வாயால், "அவ மட்டும் என்னடி உசத்தி? சாப்பாடு போடுறது நான், தலை வாரி விடுறது நான். ஒரு நாளாவது என்னை வாடின்னு சொன்னியா?" என்று கேட்பாள். குரல் "எலி, இங்க வாடி" என்னும். "என்னைச் சொல்லு," என்பாள். குரல் "எலி" என்னும். இப்படி மழைக்காலம் முழுவதும் நடந்தது. நாளாக நாளாகக் குப்பிக்குள்ளிருந்து வந்த "வாடி" கொஞ்சம் தடித்து, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சரிந்து வந்ததை அவள் கவனிக்கவில்லை. தன் குரலைத் தானே அடையாளம் காண்பது யாருக்கும் கஷ்டம்.

ஒரு நாள் மஞ்சள் சட்டைக்காரி துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுக் கையாலேயே ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். தையல் கோணல்மாணல். ஆனால் கீழ்மடிப்பை நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து வைத்திருந்தாள். இவ்வளவு மடிப்பு எதற்கு என்று தையல்காரி சைகையால் கேட்டாள். பிள்ளை உள்ளங்கையை இடுப்பளவில் வைத்து, பிறகு மெதுவாக மார்பளவுக்கு உயர்த்திக் காட்டினாள். கிடைப்பதற்குள் வளர்ந்துவிட்டால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். தையல்காரி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். பொத்தான் டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தாள். குப்பியை எடுத்துத் திறந்து பிள்ளையின் வாயில் வைத்தாள்.

பிள்ளை இருமினாள். பிறகு, "எலி, இங்க வாடி," என்றாள். சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அறையில் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சின்ன வாயிலிருந்து வந்தது நடுவயதுப் பெண்ணின் குரல், ஊசி கவ்விய சாய்வோடு.

அதை வைத்துப் புலம்ப நேரமில்லை. பிள்ளை தையல்காரியின் குரலிலேயே எல்லாவற்றையும் போலீசிடம் சொன்னாள்: காலிப் பாட்டில்கள் உரசுகிற சத்தம், சர்க்கரை வாசனை, நீலக் கதவு. டாக்ஸிக்காரருக்கு அது பக்கத்து ஊரில் மூடிக்கிடந்த குளிர்பானக் கிடங்கு என்று உடனே தெரிந்தது. பட்டப்பகலில் போலீசும் குழுவும் பார்சல்காரரும், மஞ்சள் சட்டைக்காரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு பையனைப் போன வாரம்தான் வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்று தெரிந்தது. அவன் அடுத்த வருடம் தொலைதூர ஊர் ஒன்றில், இதைப் போன்ற இன்னொரு குழுவின் கையில் கிடைத்தான். போன வாரம் என்று கேட்ட நேரத்தில் தையல்காரி தனக்குள் போட்ட கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. எலி மட்டும் வரவில்லை. சுவருக்கும் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கும் நடுவே, பெரியவர் கை நுழையாத சந்தில் போய் ஒடுங்கிக்கொண்டாள். பெட்டியை அசைத்தால் அவள்மேலேயே சரியும்.

"எலி, இங்க வாடி," என்று அக்காக்காரி கூப்பிட்டாள்.

"நீ யாரு? எங்க அக்கா எங்க?" என்றது இருட்டு.

"நான்தாண்டி அக்கா."

"பொய். எங்க அக்கா சின்னப் பொண்ணு. நீ யாரோ ஆன்ட்டி."

மஞ்சள் சட்டைக்காரி திரும்பித் தையல்காரியை ஒரு பார்வை பார்த்தாள். குழுவில் மற்றவர்களுக்கு அந்தப் பார்வை புரியவில்லை. பார்சல்காரருக்கு மட்டும் புரிந்தது, அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு பிள்ளை தரையில் படுத்து, பேசாமல், தன் கையைச் சந்துக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவள் அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், கடைசியில் நன்றாகக் கடித்துப் பார்த்தாள். கை பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகுதான் எலி வெளியே வந்தாள். திரும்பும் வழியில் அக்காவின் கையை விடவே இல்லை. ஆனால் அக்கா பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பித் தையல்காரியின் வாயையே பார்த்தாள்.

ஊர்ப் பெயர் தெரிந்ததால் பெற்றவளும் கிடைத்தாள். போனில் "அம்மா" என்று கேட்டதும், "யாருங்க நீங்க, இப்படியெல்லாம் விளையாடாதீங்க," என்று இரண்டு முறை வைத்துவிட்டாள். எலியைப் பேச வைத்த பிறகுதான் புறப்பட்டு வந்தாள். வந்து, இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பெரியவள் பேசுவதை வெகுநேரம் கேட்டாள். தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "குடிங்க, களைப்பா இருப்பீங்க," என்றாள். பெற்றவள் தம்ளரைத் தொடவில்லை.

"இது உங்க குரல்தானே?"

"ஆமா."

"எப்படி ஒட்டுச்சு?"

"நான்தான் வச்சிருந்தேன். அன்னைக்கே குடுத்திருக்கணும். மனசு வரல."

"எடுக்க முடியாதா?"

"ஊறிடுச்சு. துவைச்சாலும் போகாது."

பெற்றவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சோறு போட்டிருக்கீங்க. அதுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலைப் பேருந்தில் மூவரும் போனார்கள். பேருந்து நகரும்போது மஞ்சள் சட்டைக்காரி ஜன்னலில் தலையை நீட்டி, "வரேன்," என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் தையல்காரிதான் பேசுகிறாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் தையல்காரி குழுவில் இருந்தாள். பார்சல் அறைக்கு வருகிற குரல்களை வாங்கி உரிய வீட்டில் சேர்ப்பது அவள் வேலையாயிற்று. வழியில் யார் வணக்கம் சொன்னாலும் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஓடுவாள். நர்ஸின் வீட்டு வாசலில் அவளுக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்தது. அது ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்க, வேலை ஒரு பக்கம் நடந்தது.

தூரத்து ஊரில் எலிக்கு அக்காவின் பழைய குரல் சீக்கிரமே மறந்துபோனது. பெற்றவளுக்குத்தான் மறக்கவில்லை. வெளியிலிருந்து "அம்மா" என்று அந்தக் குரல் கூப்பிடும்போதெல்லாம் அவள் ஒரு நொடி கையை நிறுத்திக்கொள்வாள். தன் பிள்ளையைத் தனக்கு முன்னால் யாரோ ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டது போல இருக்கும். பிறகு பதில் சொல்வாள். வருடங்கள் போகப் போக மஞ்சள் சட்டைக்காரி வளர்ந்து அந்தக் குரலின் வயதுக்கே வந்து சேர்ந்தாள். பெரிதாகத் தைத்த சட்டைக்குள் உடம்பு நிறைவது போல, குரலும் அவளுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. ஏன் பாதி வாயால் பேசுகிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "அவ குரல் கொஞ்ச நாள் வேற வீட்டுல வளர்ந்துச்சு," என்று அம்மாக்காரி சொல்வாள். அந்தப் பக்கத்தில் வேறு வீட்டில் வளர்ந்தது ஏதாவது ஒன்று இல்லாத குடும்பமே கிடையாது என்பதால், கேட்டவர்களும் அப்படியா என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள்.