ஆண்டவருக்கு மேலே ஒன்றரை அடி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் கல்லூரித் தோழன் பெலிக்ஸ் ஆறே நாளில் ஒரு பரண் கட்டிலைச் செய்து முடித்தான். மேலே அவனுக்குப் படுக்கை, கீழே அக்கா வெரோனிகாவுக்குப் படிப்பு மேசை, ஏறும் படி ஒவ்வொன்றும் ஒரு டிராயர். அதே ஆறு நாளில் நான் எழுதியது இவ்வளவுதான்:

செஞ்சிக் கோட்டையின் மேல் சூரியன்

(நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் கோட்டை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதை நடப்பதோ பத்துக்குப் பத்து அறையில். அங்கே இடமில்லை.)

2.

இடமில்லை என்பதுதான் பிரச்சினையே. இருபது நாளில் வெரோனிகாவுக்கு அரசுத் தேர்வு. மேசை போட முடியாவிட்டால் அனந்தபுரத்து அத்தை வீட்டில் போய்ப் படிக்க வேண்டும். அத்தை வீட்டு டிவி காலை பத்துக்குத் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் மூச்சு விடும்.

ஃபேனுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியை பெலிக்ஸ் மூன்று முறை அளந்தான். சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தை அளக்கவில்லை.*

* அது அளக்க வேண்டிய பொருள் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த எனக்கும்தான்.

3.

கட்டிலை நிறுத்திய காலையில் அவன் அம்மா சவரியம்மாள் வந்தார். படிகளைத் தட்டிப் பார்த்தார். டிராயரை இழுத்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"டேய், நீ ஆண்டவருக்கு மேல படுப்பியா?"

படுக்கை, படத்தைவிட ஒன்றரை அடி உயரம். படத்தை ஏற்றி மாட்டலாமே என்றேன். ஜெபம் சொல்லி வீடு மந்திரித்த அன்று ஃபாதர் தன் கையால் மாட்டியதாம். அவர் வராமல் ஆணியைத் தொடக்கூடாதாம். ஃபாதர் ரோமுக்குப் போயிருந்தார். திரும்ப ஒரு மாதம் ஆகும்.

"கட்டில் காலை அறுத்துடு" என்று தீர்ப்பு வந்தது.

"அறுத்தா நான் தவழ்ந்துகினுதான் படிக்கணும்" என்றாள் வெரோனிகா. "இன்னாம்மா, என்னை அனந்தபுரம் அனுப்பறதா வேண்டிக்கினியா?"

4. (முடிவுகள்)

அ) பெலிக்ஸ் ரம்பத்தை எடுத்தான். வெரோனிகா கண்ணீரோடு பெட்டியை

(வேண்டாம். அவள் அழுகிற ஆளில்லை.)

ஆ) அப்போது ஆண்டவரே படத்திலிருந்து

(ஃபாதர் படித்தால் வம்பு.)

இ) நடந்தது. எவ்வளவு பெரிய பாவம் என்று எங்களுக்குக் காட்ட, சவரியம்மாளே டிராயர் படிகளில் ஏறினார். "பாரு, இப்புடிப் படுத்தா..." என்று படுத்தும் காட்டினார். புது மெத்தை. ஃபேன் காற்று நேராக முகத்தில். இருபத்தாறு வருடமாகத் தரையில் பாய் போட்டுப் படுப்பவர். வாக்கியம் முடியவில்லை. என் வாக்கியங்களும் முடிவதில்லைதான். ஆனால் ஒன்றுகூட இப்படிக் குறட்டை விட்டதில்லை.

காலை அறுக்க பெலிக்ஸ் எடுத்து வந்திருந்த ரம்பம் அவன் கையிலேயே நின்றது. வெரோனிகா சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவிட்டாள். பெலிக்ஸும் நானும் இருதய ஆண்டவரைப் பார்த்தோம். அவர் முகத்தில் புகார் எதுவும் தெரியவில்லை.

5.

அம்மாவை எழுப்பினால்தான் கதைக்கு முடிவு. எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் வாருங்கள், படி அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது டிராயர் மட்டும் கிரீச்சிடும், பார்த்து ஏறுங்கள்.