தேடாத இடமில்லை

நீளமான குச்சியின் முனையில் வெள்ளைப் பட்டை ஒன்றைச் செருகி, சின்னவளின் உள்ளங்கைகள் இரண்டையும் துடைத்து எடுத்தாள் சோதனைக்காரப் பெண். காலையிலிருந்து இது மூன்றாவது சோதனை. ஊர் விமான நிலையத்தின் வாசலிலேயே ஒன்று, உள்ளே போனபின் ஒன்று. விமானம் மாற இறங்கிய இந்த இடத்தில் மறுபடியும் செருப்பைக் கழற்று, கையைத் தூக்கு, திரும்பி நில். பல்செட் செய்கிற கூடத்தில் புது வேலை. நாளைக் காலை எட்டு மணிக்கு அங்கே நின்றாக வேண்டும். இப்படியே போனால் சேருவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பட்டையை விழுங்கிய இயந்திரம் கீச்சிட்டது. திரை சிவந்தது.

"இங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

"ஏன் மேடம், என்ன ஆச்சு?"

"உங்க கையில ஏதோ இருக்கு. வெடிமருந்துன்னு காட்டுது. காலையில எதைத் தொட்டீங்க?"

சின்னவள் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரப்பான்பூச்சி மருந்து அடிக்கக்கூட அக்காவைக் கூப்பிடுகிறவள் அவள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓரடி நகர்ந்துகொண்டது தெரிந்தது. கைப்பையை இரும்பு மேசையில் கவிழ்த்தார்கள். சீப்பு, குடை, அக்கா கட்டிக்கொடுத்த பிஸ்கட் பொட்டலம், கசங்கிய கைக்குட்டை. கடைசியாக, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி உருண்டு வந்தது.

"இது யாரோடது?"

அப்பாவுடையது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை.

விடிகாலையில் அவர் கட்டில் விளிம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். சின்னவள்தான் ஒரு மாத்திரையை எடுத்து வைத்தாள். ஐந்து நிமிடத்தில் முகத்தில் மறுபடி களை வந்தது. வெளியே வாடகைக் கார் அவசரப்படுத்தியது. முப்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், புதுசாகப் படிக்க வந்தவளுக்குக் காட்டுவதுபோல நேரே போ என்று கையைக் காட்டினார். "நான் இன்னிக்கே ஒண்ணும் கிளம்பிட மாட்டேன். நீ கிளம்பு," என்றார். குப்பியை மூடியது ஞாபகம் இருக்கிறது. முக்காலியில் திருப்பி வைத்தது ஞாபகமில்லை. வீட்டில் இருந்ததே அந்த ஒரு குப்பிதான்.

தட்டில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் அக்கா. சின்னவள் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல!"

"மேடம், எங்கப்பாவோட மாத்திரை இது. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். அவருக்கு மறுபடி வலி வந்தா வீட்ல வேற இல்ல. அதுக்குத்தான் அக்கா கூப்பிடறா. ஒரே ஒரு நிமிஷம்."

"மேலதிகாரி வரணும்மா. அவர் பாக்காம நான் எதையும் தர முடியாது."

கைபேசி அதிர்ந்து அதிர்ந்து பிளாஸ்டிக் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. ஓர் எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். எடுத்தால் பிடித்து வைத்துவிடுவார்களோ, அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்களோ என்று பயம். அவள் தன் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது.

மேலதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். குப்பியைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தார்.

"இந்த மாத்திரையிலயே அந்த வெடிமருந்துச் சரக்கு துளி இருக்கும். அதான் மெஷின் கத்துது. பயப்படாதீங்க, எழுதிக்கிட்டு அனுப்பிடறோம்," என்றார். நான்காவது முறையாக அதிர்ந்த கைபேசியைப் பார்த்தார். "பேசட்டும். கையில குடுக்காத, நீயே புடி."

உறை போட்ட கையால் சோதனைக்காரப் பெண் கைபேசியைச் சின்னவளின் காதில் பிடித்தாள்.

"ஏண்டி, எத்தனை தடவை அடிக்கிறது!" அக்காவுக்கு மூச்சிரைத்தது. "அப்பாவுக்கு மறுபடி வலி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், இன்னும் வரல. மாத்திரை முக்காலியில இல்லடி. நேத்து தூசி தட்டறப்ப நான்தான் எங்கயோ மாத்தி வச்சுத் தொலைச்சிருக்கேன். நீ பாத்தியா?"

அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. அதற்கும் பின்னால் அப்பாவின் குரல், என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

என்கிட்டதான் இருக்கு என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. குப்பி மேசைமேல் இருந்தது. இரண்டு அதிகாரிகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அக்கா என்ன சொல்வாளோ என்று பயம்.

"இல்லக்கா, பாக்கலியே," என்றாள். "நல்லாத் தேடு. யாரையாவது மருந்துக்கடைக்கு அனுப்பேன்."

"அக்கம்பக்கத்துல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கடி. சரி, வை. தேடறேன்."

சோதனைக்காரப் பெண் கைபேசியை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது சின்னவளுக்கு. உடனே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பொருள்களைத் திருப்பித் தந்தபின் கூப்பிட்டாள்; மணி போய்க்கொண்டே இருந்தது. அரைமணி கழித்து அக்காவே கூப்பிட்டாள்.

"அப்பா போயிட்டாருடி."

ஊர் திரும்புகிற விமானத்துக்காக வெளியே போய், வேறு வாசல் வழியாக உள்ளே வந்தாள். மறுபடி செருப்பு, மறுபடி பட்டை, மறுபடி கீச்சொலி. இங்கே ஓர் இளைஞன் குப்பியைத் தூக்கிப் பார்த்தான்.

"இதை வச்சிருந்தா போற இடமெல்லாம் நிறுத்துவாங்க மேடம். அவசியமில்லன்னா அதுல போட்டுடுங்களேன்."

தண்ணீர் பாட்டில்களும் கத்தரிக்கோல்களும் நிறைந்த தொட்டி ஒன்று பக்கத்தில் இருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. மாத்திரையைத் தொலைத்தது அக்காதான் என்று அக்காவே நம்புகிறாள். உலகத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியப் போவதில்லை. குப்பியைத் தொட்டிக்கு மேலே பிடித்தாள். நினைத்ததே அவளைக் கதிகலங்க வைத்தது. திருப்பிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். விமானத்தில் முழு நேரமும் அக்காவின் முகத்துக்குப் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். அவர் காலருகே சரிந்து உட்கார்ந்தவளை யாரோ பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்தபோதுதான் வீட்டைப் பார்த்தாள். அலமாரி வாய் பிளந்து கிடந்தது. இழுப்பறைகள் எல்லாம் தரையில். மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது. சமையலறை முழுக்கக் கொட்டிய டப்பாக்கள். வந்தவர்கள் அந்தக் களேபரத்தில் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா உள்ளறையில் தரையில் இருந்தாள்.

"தேடாத இடமில்லடி. மாவு டப்பாவைக்கூடக் கொட்டிப் பாத்தேன். நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

"அக்கா, அது என் பையில இருந்துச்சு. காலையில குடுத்துட்டு அப்படியே போட்டுக்கிட்டுப் போயிட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்காவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"அவசரத்துல போட்டிருப்பே. வேணும்னேவா செஞ்சே?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. சின்னவளுக்குத் தெம்பில்லை.

"நீ போன் பண்றதுக்கு முன்னாடியே."

வெளியே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாருடி. இதோ வரேம்ப்பா, இதோ வரேம்ப்பான்னு சொல்லிக்கிட்டே மெத்தையைப் புரட்டிட்டிருந்தேன். உன்கிட்ட இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தேடறத விட்டுட்டு அவர் பக்கத்துல போய் உக்காந்திருப்பேன்."

 

அக்கா திரும்பி, தரையில் கிடந்த இழுப்பறை ஒன்றைத் தூக்கி மேசைக்குள் தள்ளினாள். அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. இன்னும் வேகமாகத் தள்ளினாள், நகரவில்லை. சின்னவள் மண்டியிட்டு மறுமுனையைப் பிடித்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு," என்றாள்.

சின்னவள் தூக்கினாள்.