கம்ப்ரஸருக்கு அரை விநாடி முன்பு

1

இந்தக் கதை என் முதுகு வியர்வையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெக்கானிக் ஷெட்டில் காத்திருந்தபோது, ஏசி போட்டதும் ஒரு வண்டி இருமிவிட்டு அணைந்தது. ஏன் என்று கேட்டேன். கிடைத்த பதில் இன்னும் என்னை விடவில்லை. அதைச் சொல்ல ஆள் வேண்டுமே என்று ஓர் அக்காவையும் தம்பியையும் உண்டாக்கினேன்.

2

"சிக்னலில் வண்டி நின்றது, அவள் வாழ்க்கையைப் போல—" (வேண்டாம். எனக்கே கூசுகிறது.)

"தம்பி லேப்டாப்பைத் திறந்தபோது வானம்—" (வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

நேராகவே சொல்கிறேன். அக்காவுக்கு நரம்புக் கோளாறு. உடம்பு சூடேறினால் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஏசி ஓடினால் நன்றாகவே வண்டி ஓட்டுவாள். ஆனால் மெக்கானிக்கான தம்பி, அக்கா ஆசைப்பட்டாளே என்று எஞ்சினை வேகத்துக்காக மாற்றிக் கட்டியதிலிருந்து, ஏசியோடு சிக்னலில் நின்றால் அது அணைந்துவிடுகிறது. இன்று சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதென்று அவள் கணவர் முடிவுகட்டிவிட்டார். அவள் தன்னந்தனியாக எங்கும் போய்வருவதும் அதோடு சரி.

(நோய் கொடுப்பது மலிவான உத்தியோ என்று அழித்தும் பார்த்தேன். நோயில்லாத அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டு ஜாலியாகப் போய்விட்டாள். கதையும் கூடவே போயிற்று.)

3

காலையிலிருந்து தம்பி ஐட்லிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை, கூட்டிக்கொண்டே இருக்கிறான். சும்மா நிற்கும்போதே எஞ்சின் உறுமுகிறது. ஏசி போட்டால் அப்போதும் பொட்டென்று அணைகிறது.

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கறேன்க்கா."

"கிளட்ச் இல்லாத வண்டிடா இது. கூட்டினா பிரேக்கை மீறி இழுக்குது. அமுக்கிப் பிடிக்கவே என் கால் போயிடும். வேற வழி பாரு."

அவன் பானெட்டுக்குள் தலையை விட்டான். உள்ளிருந்தே குரல் வந்தது.

"தப்பு எம்மேலதான்க்கா. எஞ்சினை மாத்தறப்போ ஏசி வயரை நேரா கம்ப்ரஸருக்குக் குடுத்துட்டேன். எஞ்சினோட கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது."

"என்ன தெரியாது?"

"சுமை வருதுன்னு."

4

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் வியந்துகொள்கிறேன். குளிரை உண்டாக்கும் கம்ப்ரஸரைச் சுற்றவைப்பதும் எஞ்சின்தான், அதுதான் சுமை. ஒழுங்காக வயர் கொடுத்த வண்டியில் ஏசி பொத்தானை அழுத்தினால் கம்ப்ரஸர் உடனே ஓடாது. சேதி முதலில் கம்ப்யூட்டருக்குப் போகும். அது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை விடும். அரை விநாடி போனபிறகுதான் சுமை ஏறும். நாம் பொத்தானை அழுத்திவிட்டு பாட்டை மாற்றப் போய்விடுகிறோம். கால்மாட்டில் ஓர் இரும்பு மூச்சை இழுத்துக்கொண்டு தயாராகிறது. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் தலையில் எதையும் யாரும் இப்படிச் சொல்லிவிட்டு ஏற்றியதில்லை.

5

வயர் மாறியது. லேப்டாப் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் அரை விநாடித் தாமதம் ஏறியது. அக்கா பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் லேசாக எழும்பியது, டக்கென்று கம்ப்ரஸர் சேர்ந்துகொண்டது, எஞ்சின் வேகம் காட்டும் முள் ஒருமுறை அசைந்து பழைய இடத்திலேயே நின்றது. மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்தோம் (மூன்றாவது ஆள் நான்).

கணவர் வந்தார். (அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை, பாவம், பயந்துபோயிருக்கிறார்.)

"எஞ்சின் நிக்காது, சரி. உன் கால்?"

"ஏசி ஓடினா அதுவும் ஓடும். ஏறுங்க."

6

முடிவு ஒன்று: எல்லா சிக்னலையும் தாண்டிச் சிரித்தபடி வீடு வந்து— (இவ்வளவு சுலபமா?)

முடிவு இரண்டு: கால் மரத்துப்போய்— (எழுத மனசு வரவில்லை.)

சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது. வெளியே கொதிக்கிறது. ஏசி ஓடுகிறது, எஞ்சின் பிசகாமல் ஓடுகிறது. அக்காவின் கால் பிரேக்கில் இருக்கிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் கணவரின் கை, நடுவிலுள்ள ஹேண்ட்பிரேக்கின் மேல் தயாராக இருக்கிறது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

நான் இறங்கிக்கொள்கிறேன். அவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். பச்சை விழப்போகிறது. கையை எடுப்பீர்களா?