செய்யுளில் அடங்காத திருகாணி

கோடை முடிந்துவிட்டதென்று நாட்காட்டி சொன்னது, வானம் ஒப்புக்கொள்ளவில்லை. நாள்தோறும் பிற்பகலில் மேகங்கள் திரண்டு, கருத்து, கனத்து, ஒரு துளியும் ஈயாமல் கலைந்தன. இலை அசைக்க அஞ்சியவை போல மரங்கள் நின்றன. காற்று எங்கோ கட்டுண்டு கிடந்தது. பெய்யவும் மாட்டாமல், வெளுக்கவும் மாட்டாமல், இடையில் அகப்பட்டுத் தவித்த பருவம் அது.

அப்பருவத்தைப் போலவே அகப்பட்டிருந்தாள் அப்பள்ளியின் செய்யுள் ஆசிரியை. ஏட்டுப் படிப்பைக் குறைத்துக் கைத்திறனைப் பெருக்குக என்று மேலிடத்து ஆணை வந்து, அவளுடைய செய்யுள் வகுப்புகளில் பாதி பட்டறை வகுப்புகளாகிவிட்டன. தலைமையாசிரியர் சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"கதவுக்குப் பூட்டு மாட்டுற பாடம் உங்களுக்கும்மா. பிள்ளைங்க தேறிட்டா இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா வேற ஊருக்கு மாத்திடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

வேற்றூர் போக அவளால் இயலாது. ஒருபுறம் கை கால் விழுந்து, அவள் கணவர் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். நண்பகல் மணி அடித்ததும் இரண்டு தெரு ஓடி, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயில் உணவூட்டிவிட்டு மீண்டும் ஓடிவருவாள். அந்த ஓட்டத்தால்தான் அவர் முதுகு புண்படாமல் இருந்தது.

வகுப்புக்கு வாய்த்ததோ ஒரே ஒரு பூட்டு. அதையும் தலைமையாசிரியர் தம் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

"தேர்வுக்கு முன்னாடியே பிள்ளைங்க கைபட்டு ரிப்பேராச்சுன்னா யாரு பதில் சொல்றது? படம் போட்டு நடத்துங்க, போதும்."

செய்முறைக் கல்வி இவ்வாறு கரும்பலகையில் ஏறி அமர்ந்துகொண்டது.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். பூட்டை மாட்டும் முறையை எதுகை, மோனை கூட்டிப் பாட்டாகக் கட்டினாள். துளையிடுவது, கதவை நிலையோடு பிடிக்கும் நாக்கை நுழைப்பது, நாக்கை இயக்கும் தண்டைச் செலுத்துவது, இருபுறமும் கைப்பிடிக் குமிழைக் கோப்பது எல்லாம் அடி பிறழாமல் அமைந்தன. ஒவ்வொரு குமிழின் கழுத்தடியிலும் அதைத் தண்டோடு இறுக்கும் ஒரு சிறு திருகாணியை முடுக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் எந்த அடியிலும் அடங்கவில்லை. சேர்த்தால் ஓசை நொண்டிற்று. சிறு திருகாணிதானே என்று விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கோ பாட்டு ஒரே நாளில் நெட்டுருவாயிற்று.

தேர்வன்று பட்டறைக் கதவில் பூட்டு மாட்டச் சொன்னார் தேர்வாளர். பிள்ளைகள் பாடிக்கொண்டே மாட்டினார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"பிள்ளைங்களா, நீங்கள்லாம் வெளியே நின்னு கதவைச் சாத்துங்க. உள்ளேருந்து நான் திறந்து பாக்கறேன்."

தேர்வாளரோடு தலைமையாசிரியரும் ஆசிரியையும் உள்ளே நிற்க, கதவு 'டக்' என்று அழகாகப் பொருந்தியது. தேர்வாளர் உள்குமிழைத் திருகினார். அது சுழன்றது. மறுபடியும் திருகினார். அது சுழன்றுகொண்டே இருந்தது; நாக்கு அசையவில்லை. வெளிக்குமிழும் அவ்வாறே.

"தள்ளுங்க சார். இல்ல, இழுங்க," என்றார் தலைமையாசிரியர்.

"தள்ளியும் பாத்தாச்சு, இழுத்தும் பாத்தாச்சு. இது பூட்டா, பம்பரமா?"

சன்னல்களில் கம்பி. மின்விசிறி நின்றுபோய் நாளாயிற்று. மூவருடைய மூச்சாலேயே அறை வெந்தது. வெளியே பிள்ளைகள் வேறு வழி அறியாமல் பாட்டை முதலிலிருந்து பாடத் தொடங்கினார்கள்.

"ஐயோ, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கம்மா!" என்றார் தேர்வாளர்.

காவலாளி தச்சரைத் தேடி ஓடினார். வந்து சேர வெகுநேரம் ஆகும் என்றார்கள். தலைமையாசிரியர் குழைந்தார்: "சரக்கே மட்டம் சார். பிள்ளைங்க மேல தப்பில்ல."

"அப்படித்தான் தோணுது. நல்ல பூட்டு வாங்குங்க, வேற நாள் வரேன்."

அப்போது நண்பகல் மணி அடித்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய் மூடியிருந்தால் பழி பூட்டின் மேல் போகும்; வேலை தப்பும்; தச்சர் வரும்வரை கணவர் நனைந்த விரிப்பில் கிடப்பார். வாய் திறந்தால் கதவு இப்போதே திறக்கும், பழி தன் மேல் விழும், நாளை வேற்றூர். எப்பக்கம் திரும்பினும் சுவர். சுவரையே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"பூட்டு நல்ல பூட்டுதான் சார். குமிழோட கழுத்துல ஒரு திருகாணி முடுக்கணும். பாட்டுல அது அடங்கலைன்னு நான்தான் விட்டுட்டேன்."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவுக்கு அப்பால் ஒரு குரல் எழுந்தது. வகுப்பில் எல்லாரும் வாயாடி என்றழைக்கும் பெண். "டீச்சர், குட்டியா ரெண்டு இருக்கே, அதுவா? மிச்சம்னு நெனச்சுப் பையில போட்டுக்கிட்டேன்!"

"அதேதாண்டி கண்ணு!"

"எந்தப் பக்கம் திருகணும்?"

ஆசிரியை கதவருகே குனிந்தாள். "தெரியலையேம்மா. நீயே திருகிப் பாரு."

பாட்டு நின்றிருந்தது. திருப்புளியும் திருகாணியும் உரசும் ஒலி. "இந்தப் பக்கம் கழண்டு வருதுடி!" "அப்ப அந்தப் பக்கம், மக்கு!" பின்னர்க் குமிழ் தண்டைப் பற்றியது, நாக்கு உள்வாங்கியது, வெளிச்சம் வந்தது.

தேர்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திறந்தது பிள்ளைங்கதான். அவங்க தேறிட்டாங்க." அவள் பக்கம் திரும்பினார். "உங்களை மாத்தச் சொல்லப்போறதில்ல. ஆனா அடுத்த வருஷம் முதல் நாளே பூட்டைப் பிள்ளைங்க கையில குடுங்க. மிச்சமிருக்கிற செய்யுள் நேரமும் பட்டறைக்குத்தான். பாட்டு இனிமே வேணாம். சரியா?"

"சரிங்க," என்றாள். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. திறந்த கதவின் வழியே வீட்டுக்கு ஓடும்போதும் அந்த அறை அவளோடு கூடவே வந்தது.

கணவர் வியர்வையில் ஊறிக் கிடந்தார். புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பை மாற்றி, ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள்.

"லேட்டு," என்றார் அவர், குழறிய நாவால்.

"கதவு மாட்டிக்கிச்சுங்க. வேலை போகல. செய்யுள்தான் போயிடுச்சு."

அவள் தரையில் அமர்ந்து, கை குவித்து, இறைவனைத் துயிலெழுப்பும் பழம்பாடலொன்றைத் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். பொழுது நண்பகலென்றும் பாராமல், ஒரு சீரும் விடாமல் பாடி முடித்தாள்.

அவருடைய விழாத மறுபுறக் கை மெல்ல நகர்ந்து வந்து அவள் உச்சியைத் தொட்டது.

"நல்லா இரும்மா. நல்லா இரு."