சூளையின் சூடான பக்கம்

விடியும்போதே சவரியப்பனுக்கு மண்டை பிளந்தது. சூளை எரியும் நாளெல்லாம் இப்படித்தான். துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டி, ஒரு வாய் வரக்காப்பி குடித்தால் சற்றுத் தணியும். மூக்கண்டப்பள்ளி ஏரிப் பக்கம் செங்கல் வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அந்த வலி உண்டு. ‘சூளைத்தலை’ என்று அதற்கொரு பேர்கூட வைத்திருந்தார்கள். பேர் வைத்துவிட்டால் பிறகு யாரும் காரணம் கேட்பதில்லை.

மார்கழி மாதம். ஓசூர்க் குளிரைச் சொன்னால் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்ச்சீமைக்காரன் நம்பமாட்டான். மழை பொய்த்து, கேழ்வரகு காய்ந்து, ஜவளகிரிப் பக்கத்திலிருந்து சூளைக்கு வந்த குடும்பங்களுக்குக் கோணிச்சாக்குதான் போர்வை. அதனால் மேஸ்திரி சவரியப்பன் வருஷாவருஷம் ஒரு ஏற்பாடு செய்வான். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். குடிசைகளை அதற்கு எதிர்ப்புறம், சூளைச் சுவரை ஒட்டிப் போடச் சொல்வான். காற்றுக்கு மறைப்பு, முதுகுக்குக் கதகதப்பு. புகையும் அந்தப் பக்கம்தான் வரும். “புகை பட்டா சளி புடிக்காது, கொசு அண்டாது” என்பான். நல்ல மனசோடுதான் சொன்னான். பிள்ளைக்காரிகளுக்குச் சூடான இடமாகப் பார்த்துக் கொடுத்தான்.

போன மார்கழியில் அந்தச் சுவரோரம் படுத்த திம்மப்பன் எழுந்திருக்கவில்லை. “பனி அடிச்சிட்டுது” என்றார்கள். சாவை எழுதிக்கொள்ள வந்த மணியக்காரரிடமும் அதையே சொன்னார்கள். அவன் பெண்டாட்டி பூவம்மாள் இந்த வருஷமும் மகள் ருக்மணியை இழுத்துக்கொண்டு அதே சூளைக்கு வந்தாள். போக வேறு இடமில்லை.

“மேஸ்திரி! கொஞ்சம் இங்க வாங்க.”

“என்னம்மா காலங்காத்தால? தலை வெடிக்குது.”

“மூணு கோழியும் செத்துக் கெடக்குது.”

சுவரை ஒட்டிக் கவிழ்த்திருந்த பஞ்சாரத்தை அவள் தூக்கிக் காட்டினாள். தீப்போடுகிற முனிராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“பனி அடிச்சிருக்கும். கொழம்பு வெச்சிடு. ஓட்டு கேக்க வந்தவங்க ரூவாய்க்கு மூணு படி அரிசின்னாங்க, அது இன்னும் இந்தப் பக்கம் வரல. மூணு கோழியாச்சும் வந்துச்சே!”

சிரிப்பு இருமலாகி அவனை மடக்கிக் குந்தவைத்தது. பூவம்மாள் சிரிக்கவில்லை. சூளைக்கு அந்தப்புறம், காற்று வரும் பக்கம் நின்ற புங்கமரத்தை நோக்கிக் கை நீட்டினாள். பஞ்சாரத்தில் அடங்காத சேவல் ஒன்று கிளையில் நின்றது. இறகெல்லாம் பனியில் நனைந்திருந்தது. கூவிற்று.

“பனி அடிச்சா மரத்து மேல தூங்கினதுதானே சாவணும்? கதகதப்பா கவுத்து வெச்சது எப்பிடிச் செத்துச்சு?”

சவரியப்பன் ஒரு கோழியைக் கையில் எடுத்தான். கொண்டை வெளுக்கவில்லை, ரத்தச் சிவப்பாக இருந்தது.

“சீக்கு வந்திருக்குமோ?”

“நேத்துகூட முட்டை வெச்சுது. எம்புருசன் மூஞ்சியும் இப்பிடித்தான் செவசெவன்னு இருந்துச்சு, மேஸ்திரி. தூங்கறாருன்னு நெனைச்சு தோளைப் புடிச்சு உலுக்கினன். குளிர்ல வெறைச்சவன் மூஞ்சி அப்பிடியா இருக்கும்?”

அவன் சூளையை நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற சூளை. இன்றுதான் பார்த்தான். இரவில் தீ தாங்கவேண்டும் என்று சூளை வாய்களைக் கல் வைத்து மண் பூசி அடைப்பது வழக்கம். உள்ளே காற்றில்லாமல் தீ புழுங்கும். விறகு விலை ஏறியதிலிருந்து முதலாளி பச்சை விறகோடு பெங்களூர்ப் பழைய டயரையும் லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார். சுவர் வெடிப்புகளில் அந்தப் புகை கசிந்தது. குளிரில் மேலே எழும்பாமல், தரையோடு தவழ்ந்து, வரிசையாகக் குடிசைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“ருக்மணி எங்க?”

“எழுந்திரிக்க மாட்டேங்குது. வாந்தி எடுத்துட்டு மறுபடியும் படுத்துக்கிச்சு.”

அவன் ஓடினான். குனிந்து நுழைந்து, குழந்தையை வாரி எடுத்தான். தலை தோளில் துவண்டது. கன்னம் அழகாகச் சிவந்திருந்தது, செத்த கோழியின் கொண்டையைப் போல. “எல்லாரையும் வெளிய இழுங்கடா!” என்று கத்திக்கொண்டே சூளையைச் சுற்றிப் புங்கமரத்தடிக்கு வந்தான். வாடைக்காற்று கத்தியாக அறுத்தது. குழந்தை ஒருமுறை இழுத்து மூச்சு வாங்கிற்று. வாந்தி எடுத்தது. பிறகு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுப் பூவம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் பிள்ளை வெடவெடவென்று நடுங்கியது. நெஞ்சு விசில் அடித்தது. உதடு நீலம் பாய்ந்தது.

“அங்க வெச்சா பொகை கொல்லுது. இங்க வெச்சா குளிரு கொல்லும். நான் எங்க வெக்கறது, மேஸ்திரி?”

அவன் திரும்பினான். அறுத்து அடுக்கியிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. பனி பட்டால் வெடிக்கும் என்று, முதலாளி உத்தரவுப்படி, அவற்றின்மேல் இரட்டையாக வைக்கோல் தட்டி போர்த்தியிருந்தது. போர்த்தியவன் சவரியப்பன்தான்.

“முனிராசு, தட்டியெல்லாம் உருவு.”

“ஐயோ அண்ணா, மொதலாளி தோலை உரிச்சிடுவாரு!”

“தோலுதானே. உருவு.”

வெயில் ஏறுவதற்குள் காற்று வரும் பக்கத்தில் குடிசைகள் எழுந்தன. பச்சைக் கல்லே சுவர், தட்டியே கூரை, வாசல் காற்றுக்கு முதுகு காட்டி. உள்ளே வைக்கோலைப் பரப்பி ருக்மணியைப் புதைத்தாற்போல் வைத்தார்கள். கேழ்வரகுக் கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. நெஞ்சு விசில் மட்டும் நிற்கவில்லை.

முதலாளி வெங்கடசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஏமி மேஸ்திரி இதி! பச்சைக் கல்லு வெடிச்சுதுன்னா யாரு பதில் சொல்றது?”

“கல்லு வெடிச்சா மண்ணைக் கரைச்சு மறுபடி அறுத்துக்கலாம், சாமி.”

“என்னப்பா புதுசா பேசறே? குளிர்காலத்துல ரெண்டு பேரு போறது எந்த ஊருலயும் வழக்கந்தானே. அதுக்கு எஞ்சூளை என்ன பண்ணும்?”

சவரியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். மரியாதைக்கு அல்ல, நெடுநாளுக்குப் பிறகு தலை வலிக்கவில்லை.

“வழக்கம்னு நாமதான் பேர் வெச்சுக்கிட்டோம் சாமி. குளிர்ல செத்தா பனி அடிச்சிட்டுதுங்கறோம். சித்திரை வெயில்ல சுருண்டு வுழுந்தா விதிங்கறோம். பொகையில இருமிச் செத்தா வயசாயிடுச்சுங்கறோம். மேல ஒரு கூரை, மூக்குக்கு நல்ல காத்து, இது ரெண்டும் இருக்கறவன் இந்த வழக்கத்துல சாவறதில்லியே! உங்க வூட்டுல இந்த மாதிரி யாராச்சும் போனாங்களா?”

வெங்கடசாமி குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோலுக்கு நடுவே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

“சரி, தட்டியை இந்தச் சூளை முடியற வரைக்கும் வெச்சுக்கோ. ஆனா டயர் வரத்தான் வரும். வெறகு விக்கற வெலை உனக்குத் தெரியாததா?”

“டயர் வந்தா தீ வெக்க வேற ஆளைப் பாத்துக்குங்க.”

வெங்கடசாமி வண்டியை உதைத்துக் கிளப்பினார். அது தூசியையும் புகையையும் கக்கிவிட்டுப் போயிற்று. முனிராஜ் மறுபடி இருமினான்.

“இனி பயமில்ல, பூவம்மா” என்றான் சவரியப்பன்.

அவள் செத்த கோழிகளை ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்திருந்தாள். கைமண்ணைப் புடவையில் துடைத்தாள்.

“புள்ளையைத் தூக்கினு ஓடியாந்தீங்க. தட்டி குடுத்தீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா, சுவத்தோரம் படுன்னு எம்புருசனுக்குச் சொன்னது நீங்க. அவர் தலைமாட்டுல டயரை எரிச்சு லாபம் பாத்தது மொதலாளி. பனி மேல பழியைப் போட்டுட்டு ரெண்டு பேரும் தூங்கினீங்க. நீங்க ரெண்டு பேரும் எனக்குக் கடன்காரங்க, மேஸ்திரி. ஒரு உசுரு பாக்கி.”