திட்டுகிறவர் வேறு ஆள்

1

இந்தக் கதை என் தலையில் முளைத்ததல்ல. சட்டைக்கு அளவெடுக்கும்போது தையல்காரி சொன்னது: "நோய் பரவின அந்தக் காலத்துல ஊரே என்னை மாதிரி ஆயிடுச்சு. காத்தைப் பார்த்துப் பயந்தாங்க. எனக்குச் சிரிப்புகூட வந்துச்சு."

எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பைத்தியம்னு மட்டும் எழுதாதீங்க."

அவளுக்கு மனச்சிதைவு நோய். பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறாள். பஸ் ஓட்டும் அண்ணனின் வீட்டில், ஜன்னலோர அறையில் தைக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: 'அவள் காதில் யாரோ...' (அடித்துவிட்டேன். பேய்க்கதை வாடை.)

இரண்டாவது: 'அடங்கிய தெருவில் வெயில் பால்போல...' (இதில் அவளே இல்லை. என் வாக்கியம் கண்ணாடி பார்த்துக்கொள்கிறது.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

3

கடவுள் அவளுக்குத் தூரத்து ஆளல்ல. தைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்வார். பேசமாட்டார். அறை மெல்ல வெளுக்கும், தொங்கும் துணிகள் மூச்சுவிடும், அவ்வளவுதான்.

ஊரடங்கு போட்ட பிறகு ஒரு குரல் வந்தது. 'உன் மூச்சில்தான் நோய் இருக்கிறது. வாயைத் திறந்தால் உன் அண்ணன் சாவான்.' கடவுளே பேசிவிட்டார் என்று நம்பினாள். கதவைத் தாழிட்டாள். மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. கழற்றாமல் எப்படிச் சாப்பிடுவது, எப்படி மாத்திரை போடுவது?

(குரலை இன்னும் நீளமாக எழுதியிருந்தேன். படித்தபோது எனக்கே நம்பத் தோன்றியது. எடுத்துவிட்டேன்.)

அண்ணன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"தண்ணியாவது குடி தாயி."

அவள் மாத்திரை வாங்கும் மருத்துவமனையின் நர்ஸை அழைத்து, போனைக் கதவிடுக்கில் வைத்தான்.

"பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லலம்மா. மாத்திரையையும் நிறுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்" என்றார் நர்ஸ்.

உள்ளிருந்து மெல்லக் கேட்டாள். "வாயைத் திறந்தா நீ செத்துடுவேன்னு கடவுளே சொல்லிட்டாரு. மீறலாமாண்ணா?"

டாக்டரே திணறும் கேள்வி. பஸ் ஓட்டுகிறவன் யோசித்தான்.

"இத்தனை வருஷமா உன் பக்கத்துல வந்து உட்கார்றாரே, அவரு என்னைக்காவது உன்னைத் திட்டி மிரட்டியிருக்காரா?"

தையல் இயந்திரத்தின் சக்கரம் ஒருமுறை சும்மா சுற்றி நின்றது.

"இல்ல" என்றாள். "திட்டுறது வேற ஆளு."

தாழ்ப்பாள் விலகியது. அவனுக்கு முதுகைக் காட்டி, மாஸ்க்கைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே மூச்சை விட்டுவிட்டு, மாத்திரையை விழுங்கினாள்.

4

இங்கேயே முடித்திருந்தேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிதான் சொல்லியிருக்கீங்க."

மீதி இது: சில வாரங்களில் மிரட்டும் குரல் தேய்ந்து போனது. கூடவே, பேசாமல் வந்து உட்கார்கிறவரும் வராமல் போனார். துணிகள் வெறும் துணிகளாகத் தொங்கின. மாத்திரையை அவள் விடவில்லை. அண்ணனுக்கு இதை இன்றுவரை சொல்லவுமில்லை. "பாவம், சந்தோஷமா இருக்கான்."

5

முடிவு அ: ஒரு காலையில் அவர் திரும்பி வருகிறார். (ஆசைதான். அவள் ஏமாந்துவிடக் கூடாது.)

முடிவு ஆ: அவர் எப்போதுமே இருந்ததில்லை என்று அவள் புரிந்துகொள்கிறாள். (இதை எழுத நான் யார்?)

முடிவு இ: அவளிடமே கேட்டேன்.

"தினமும் தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்றேன். அவரைக் கூப்பிடுறதில்ல. காலியாத்தான் இருக்கும். ஆனா..."

'ஆனா'வுக்குப் பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என் சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. காலியான அறையில் எப்போதாவது காத்திருந்தவர் நீங்கள் என்றால், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.